சட்டாம்பிள்ளையும் சல்லடையும்

சென்னை எழும்பூர். ஆண்டு 1789. படைவீரர்களுக்குப் பிறந்து ஆதரவிழந்த ஆண் பிள்ளைகளுக்கென ஆங்கிலக் கும்பினி ஆட்சியில் நடந்த விடுதிப் பள்ளி ஒன்று அங்கே இருந்தது. அதன் கண்காணிப்பாளராக அமர்ந்தார் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒரு நாள் காலை, குதிரைமீது சென்றுகொண்டிருந்தவர், தமிழ்ப் பிள்ளைகள் தரையில் வரிசையாய் அமர்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுத்தெழுதிப் பழகுவதைக் கண்டார். காகிதம் இல்லை, இறகுப் பேனா இல்லை. மணல் இருந்தது, விரல் இருந்தது, எழுத்து வந்தது!

பள்ளிக்குத் திரும்பிய பெல், அங்கும் மணலைப் பரப்பச் சொன்னார். அகரவரிசை வகுப்பின் ஆசிரியரோ, அது ஆகாத காரியம் என்று கைவிரித்தார். பெல் சினங்கொள்ளவில்லை, வேறொன்று செய்தார். ஜான் பிரிஸ்கன் என்ற 8 வயதுச் சிறுவனை அழைத்து அந்த வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். சாதாரணப் படைவீரன் ஒருவனின் மகன் அவன். ஆசிரியரால் ஆகாதது அச்சிறுவனால் ஆயிற்று.

1797இல் பெல் இதனை நூலாக எழுதி இலண்டனில் வெளியிட்டார். படித்த பிள்ளை படியாத பிள்ளைக்குச் சொல்லித்தரும் இந்த முறைக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் 'சென்னை முறை'. ஆயிரக்கணக்கான பள்ளிகளில் அது பரவிற்று. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1833இல் எழுந்த பள்ளிக்குச் 'சென்னைக் கல்லூரி' என்றே பெயர். இன்றும் அதே பெயர்தான். தமிழன் திண்ணையிலே கண்டதைக் கடல் கடந்து கொண்டுபோய்க் கட்டடம் எழுப்பிப் பெயரும் சூட்டினர். திண்ணைக்கு உரியவனோ அச்செய்தியை அறியாமலே இருந்தான்!

அது நம்முடையதுதானா, பெருமைக்காகச் சொல்லிக்கொள்கிறோமா என்று ஐயுறும் தோழர்கள் இருக்கலாம். ஐயம் நல்லது. 1823இல் பெல்லாரிக் கலெக்டர் காம்ப்பெல் தம் அறிக்கையிலே, நாட்டுப் பள்ளிகளில் முன்னே பயின்ற பிள்ளைகள் பின்னே வருவோர்க்குக் கற்பிக்கும் முறையைப் பாராட்டி, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும் என்றே எழுதியிருக்கிறார். அந்தப் பிள்ளைக்கு நம் ஊர்த் திண்ணைப் பள்ளிகளில் வழங்கிய பெயர் சட்டாம்பிள்ளை. ஏடு எழுதித் தருபவன் அவன்; ஆசான் இல்லாத வேளையில் ஆசான் அவன்; பிரம்பும் அவன் கையில்தான். பிரம்பின் கதையை நம் பாட்டன்மாரிடம் கேட்டால் விடிய விடியச் சொல்வர், அதை விடுவோம்.

இங்கே கருதத்தக்கது ஒன்று. பிரிஸ்கனையும் சரி, சட்டாம்பிள்ளையையும் சரி, யாரும் தேர்வு வைத்து எடுக்கவில்லை. வேலையைக் கையில் கொடுத்தனர். செய்கிறானா என்று பார்த்தனர். பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளை கூர்மதியுடையவன் என்று கண்டறிவதற்கு நம் நாட்டில் இருந்த மிகப் பழைய வழி அதுவே.

பழையது என்பதற்காகப் பூச்சூட்டி வணங்க வேண்டியதில்லை. திண்ணையில் அமர்ந்தவருள் சிறந்தவன் சட்டாம்பிள்ளை ஆனான், சரி. திண்ணையில் ஏறவே இடம் பெறாதவன் என்ன ஆனான்? 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ ஊர்தோறும் பள்ளிக் கணக்கு எடுக்கச் சொன்னார். 1826இல் தொகுத்த அக்கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள். பயின்ற பிள்ளைகள் 1,88,650. மக்கள் தொகையோ 1 கோடியே 28 இலட்சத்துக்கு மேல். பள்ளி கண்டவரில் பெண் பிள்ளைகள் மிகச் சிலர். சேரிப் பிள்ளைக்குத் திண்ணையின் தூண்கூடத் தொலைவில்தான் தெரிந்தது. அவர்களுள் எத்தனை பிரிஸ்கன்கள் ஏர் ஓட்டி, சாணம் அள்ளி மறைந்தனர் என்பதற்குக் கலெக்டர் எவரிடமும் கணக்கு இல்லை. ஏகலைவன் கதையைச் சொல்லிக் கண்ணீர் விடுவோர் உண்டு. அவனுக்காவது பறிகொடுக்கக் கட்டைவிரல் என்று ஒன்று, திறமையின் அடையாளமாக, உலகுக்குத் தெரிந்திருந்தது.

திண்ணை போயிற்று, தேர்வு வந்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. இனி ஆசான் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டாம். வினாத்தாள் சொல்லும், விடைத்தாள் சொல்லும், எண் சொல்லும் என்றனர். ஒரு வகையில் அது முன்னேற்றமே. ஆசானின் விருப்பு வெறுப்புக்கு அங்கே இடம் குறைவு. ஆனால் அந்த எண் சொன்னதென்ன? நாடறிந்த ஒருவரையே எடுத்துக்கொள்வோம்.

குடந்தையில் துணிக்கடைக் கணக்கர் ஒருவரின் மகன் இராமானுசன். நகர உயர்நிலைப் பள்ளியில் 1904இல் கணக்குக்காகப் பரிசு பெற்றான். அரசினர் கல்லூரியில் உதவித்தொகையும் கிடைத்தது. அங்கே கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை, ஆங்கிலத்தில் தோற்றான், உதவித்தொகை பறிபோயிற்று. சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தான். எப்.ஏ. தேர்வில் தோல்வி. 1907இல் மறுபடி எழுதினான்; மறுபடி தோல்வி. பல்கலைக்கழகத்தின் ஏட்டில் அவன் பெயர் 'தேறாதவன்'. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கு எழுதும் எழுத்தராய் அமர்ந்தான். 1913 சனவரியில் கேம்பிரிட்சிலிருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினான். அதற்கு முன் அவன் எழுதிய ஆங்கிலேயக் கணக்கறிஞர் இருவர் கைகொடுக்கவில்லை. ஹார்டி கொடுத்தார். அதே ஆண்டில், எந்தப் பல்கலைக்கழகம் இருமுறை அவனைத் தேறாதவன் என்றதோ, அதே பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது! 1918இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினர். 1920இல், 32 வயதில், மரணம்.

இக்கதையைச் சொல்லி, 'பார்த்தீர்களா, மேதை எப்படியும் வெளிப்படுவான்' என்பர் சிலர். நாம் வேறு விதமாகப் பார்க்கிறோம். அவரை உலகுக்குக் காட்டியது தேர்வன்று. ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்த அறிமுகக் கடிதம். கணக்குக் கழகம் நடத்திய இராமசாமி ஐயர், நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ், துறைமுகத்து நாராயண ஐயர் என்று ஒரு கதவு இன்னொரு கதவைத் திறந்துவிட்டது. அவர்கள் செய்தது பெரும் உதவி, ஐயமில்லை. ஆயினும் அந்தக் கதவுகளைத் தட்டும் துணிவும், தட்டினால் திண்ணையில் அமரச் சொல்லும் வரவேற்பும் அன்று யாருக்கு இருந்தன? வறுமை அவருக்கும் இருந்தது, தீட்டு இல்லை. அறிமுகக் கடிதம் எழுதித்தர ஆளில்லாத ஒருவன், அதே கல்லூரியில் அதே ஆங்கிலத் தாளில் தோற்றிருந்தால்? அவன் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை. இல்லாத பெயரை நாம் எப்படி எடுத்துக்காட்டுவது!

இந்தக் கேள்வியின் விடையாகத்தான், 1920களில் நீதிக்கட்சி ஆட்சியும் அதன் பின் வந்தோரும் வகுப்புவாரி உரிமை ஆணைகளைப் பிறப்பித்தனர். டாக்டர் நடேசனார் 1916இல் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்ற மாணவர் விடுதியைத் தொடங்கியதும் இதனால்தான். தங்க இடமும் உண்ணச் சோறும் இன்றி, ஊரிலிருந்து வரும் பிள்ளையின் அறிவு பட்டணத்துத் தெருவிலேயே கரைந்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1951இல் வகுப்புவாரி ஆணை செல்லாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததும், அதே ஆண்டில் அரசியல் சட்டம் முதன்முறை திருத்தப்பட்டதும் தோழர்கள் அறிந்தவை. 1953இல் இராசாசி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தையும் அறிவீர்கள்: பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் தந்தையின் தொழில். பிள்ளையின் திறமையைப் பிள்ளையிடம் தேடாமல், தந்தை கையிலிருந்த கருவியில் தேடிய திட்டம் அது! 1954இல் காமராசர் அதை நீக்கினார். அந்த நாளில் நெல்லித்தோப்பு பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்ததால் அத்திட்டம் எங்கள் தெருவை எட்டவில்லை.

எங்களை ஆண்ட அந்தப் பிரான்சிலேதான், உலகப் பள்ளிகள் அனைத்தையும் ஆட்டிவைத்த அளவுகோல் பிறந்தது. 1904இல் பாரிசில் கல்வி அமைச்சு ஒரு குழு அமைத்தது. வகுப்போடு சேர்ந்து கற்க இயலாமல் பின்தங்கும் பிள்ளைகளை எப்படிக் கண்டறிந்து தனிக் கவனம் செலுத்துவது என்பது அதன் முன் நின்ற வினா. உளநூல் அறிஞர் ஆல்பிரட் பினே, சைமன் என்ற மருத்துவரைத் துணைக்கொண்டு, 1905இல் 30 சிறு வேலைகளை எளியதிலிருந்து கடியது வரை அடுக்கினார். எரியும் தீக்குச்சியைக் கண்ணால் தொடர்தல், சொன்ன எண்களைத் திருப்பிச் சொல்லுதல், படத்தில் உள்ளதைப் பெயர் சொல்லுதல் முதலானவை அவை. நன்றாய்க் கவனியுங்கள்: பின்தங்கியவனுக்குக் கைகொடுக்க எழுந்த கருவி அது, முந்துகிறவனுக்கு மாலைசூட்ட அன்று. அறிவு என்பது பிறப்பிலே அளந்து ஊற்றிய மாறா அளவு என்று பேசியோரை, 1909இல் வெளியிட்ட நூலிலே பினே கடுமையாக மறுத்தார். பயிற்சியால் அறிவு வளரும் என்றார். (அதே 1909இல், பிரெஞ்சிந்தியக் காரைக்கால் பகுதியில், 18 வயது கனகசுப்புரத்தினம் தமிழாசிரியராகப் பணியேற்றார் என்பது நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி. பாரதிதாசனை எந்தத் தீக்குச்சியைக் காட்டி அளந்திருப்பர்!)

1911இல் பினே மறைந்தார். கருவி அட்லாண்டிக்கைக் கடந்தது, கருத்து கடக்கவில்லை. 1916இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டெர்மன் அதைத் திருத்தி, அறிவுக்கு ஒரே ஓர் எண் கொடுத்து, நுண்ணறிவு ஈவு என்று ஊரெங்கும் பரப்பினார். அறிவு பரம்பரைச் சொத்து என்பது அவர் உறுதியான நம்பிக்கை. நம் ஊரில் 'தலையில் எழுதியவன் பிரமன்' என்றனர். அவர் ஊரில் பிரமனுக்குப் பதில் பாட்டனைச் சொன்னார். 1921இல் கலிபோர்னியாப் பள்ளிகளில் மேதைப் பிள்ளைகளைத் தேடப் புறப்பட்டு, 1,500க்கு மேற்பட்டோரைப் பொறுக்கி, வாழ்நாள் முழுதும் தொடர்ந்து கவனிக்க ஏற்பாடு செய்தார். பலர் நன்றாகவே வாழ்ந்தனர். அவர்களுள் எவரும் நோபல் பரிசு பெறவில்லை. அந்தச் சலிப்பில், 'போதாது' என்று தள்ளப்பட்ட சிறுவர் இருவர் பெற்றனர்: 1956இல் ஷாக்லி, 1968இல் ஆல்வாரெஸ்!

இதில் கசப்பான பின்னுரை ஒன்று உண்டு. தன்னைத் தள்ளிய சல்லடையை உடைக்க வேண்டிய ஷாக்லி, பிற்காலத்தில் அதே எண்ணைக் கையில் ஏந்தி, கறுப்பர்கள் பிறவியிலேயே அறிவு குறைந்தவர்கள் என்று பேசித் திரிந்தார். நோபல் பரிசு பெற்ற தலையிலும் மூடநம்பிக்கை குடியிருக்க இடம் உண்டு.

இங்கிலாந்தும் விலக்கன்று. 1944 கல்விச் சட்டத்தின்பின், 11 வயதில் ஒரு தேர்வு வைத்து, இவன் இலக்கணப் பள்ளிக்கு, இவன் மற்றப் பள்ளிக்கு என்று பிள்ளைகளைப் பிரித்தனர். அதற்கு அறிவியல் முலாம் பூசியவர்களுள் முதல்வர் சிரில் பர்ட். அறிவின் பெரும்பகுதி பிறப்பால் வருவது என்று காட்ட அவர் தந்த இரட்டையர் கணக்குகள் நம்பத்தக்கன அல்ல என்பது 1970களில், அவர் இறந்தபின், அம்பலமாயிற்று. அதற்குள் எத்தனை ஆண்டு, எத்தனை பிள்ளை!

நம் நாட்டுக்கு வருவோம். 1963இல் டில்லியில் 10 மாணவர்க்கு உதவித்தொகையுடன் தொடங்கிய அறிவியல் திறனறித் தேர்வு, 1964இல் நாடெங்கும் 350 பேருக்கு என விரிந்தது. தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே! ஆங்கிலம் அறியாதவனுக்கு அறிவியல் திறன் இருக்க முடியாது என்பது சொல்லாமல் சொன்ன சட்டம். 1970களின் பிற்பகுதியில்தான் நாட்டு மொழிகளில் எழுத வழி பிறந்தது. 2021க்குப்பின் அத்தேர்வே நின்றுபோயிற்று. தமிழ்நாட்டில் 1991 முதல் ஊரகத் திறனாய்வுத் தேர்வு நடந்து வருகிறது. மாவட்டத்துக்கு 50 மாணவியர், 50 மாணவர். ஊரகப் பிள்ளை ஊரகப் பிள்ளையோடு போட்டியிடுவது அதன் நல்ல கூறு. தொகை ஆண்டுக்கு 1,000 ரூபாய்தான் என்றாலும் அந்த ஓலை ஒரு வீட்டுக்குள் கொண்டுபோகும் மதிப்பு பெரிது.

புதுச்சேரிப் பிள்ளைக்கு எதிரே நிற்பது நவோதயாத் தேர்வு. 1986 கல்விக் கொள்கையின் குழந்தை அப்பள்ளிகள். மொழிச் சிக்கலால் தமிழ்நாட்டில் திறக்கப்படாத அவை புதுவை ஆட்சிப் பகுதியின் நான்கு பிரிவுகளிலும் இருக்கின்றன, எங்களுக்குரியது காலாப்பட்டில். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுத வேண்டும். 80 வினா, 100 மதிப்பெண், அதில் பாதி மனத்திறன் வினாக்களுக்கு, மீதி கணக்குக்கும் மொழிக்கும். தேறினால் ஆறாம் வகுப்பு முதல் உணவும் உறையுளும் இலவசம். இடம் 80. குறைந்தது முக்கால் பங்கு ஊரகப் பிள்ளைகளுக்கு, மூன்றில் ஒரு பங்கு பெண் பிள்ளைகளுக்கு. இவை நன்று. ஆனால் விதிகளுள் ஒன்று நம்மை உறுத்துகிறது: ஒரு பிள்ளை இத்தேர்வை வாழ்வில் ஒரே முறைதான் எழுதலாம். இராமானுசன் கல்லூரி வயதில் இருமுறை தோற்றார். நம் பிள்ளைக்குப் பத்து வயதில் ஒரு முறை!

எழுதுவது ஒரு முறை என்றால், யாரை எழுத வைப்பது என்பது ஆசிரியர் கையில் இருக்கிறது. அங்கேதான் வரலாறு நம் வகுப்பறைக்குள் நுழைகிறது. டெர்மன்கூட, பள்ளி ஆசிரியர்களிடம் 'உங்கள் வகுப்பில் மிகக் கூரிய பிள்ளை யார்?' என்று கேட்டுத்தான் தேடினார். கடைசியில் அவர் கண்டது, ஆசிரியர் சொல்லை நம்புவதைவிட, வருகைப் பதிவேட்டைத் திறந்து வகுப்பிலே வயதில் இளைய பிள்ளையைப் பிடிப்பது மேல் என்பது! அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தின் புரோவர்டு வட்டாரப் பள்ளிகள், ஆசிரியரும் பெற்றோரும் சுட்டும் பிள்ளைகளை மட்டும் சோதிக்கும் வழக்கத்தை விட்டு, 2005இல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரையும் சோதித்தன. ஏழைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் முன்னைவிட மிகுதியாய்த் தேறி வந்தனர். பிள்ளைகள் மாறவில்லை, பார்த்த கண் மாறிற்று. பின்னர்ச் செலவு மிகுதி என்று அம்முறையை நிறுத்தினர். பழைய ஏற்றத்தாழ்வு திரும்பி வந்தது.

நெல்லித்தோப்பில் நாம் பணியாற்றும் பள்ளியில், முந்தைய ஆண்டு, இத்தேர்வுக்குப் பெயர் கேட்டனர். இடைவேளையில் தேநீர் ஆறுமுன்னே ஆறு பெயர் எழுதிக் கொடுத்துவிட்டோம். கேட்டதும் கை தூக்குகிறவன். கையெழுத்து முத்து முத்தாய் உள்ளவள். தந்தை அலுவலகத்தில் இருப்பவன். பதிவேட்டில் 'மீத்திறன் மிக்கோர்', 'மெல்லக் கற்போர்' என இரண்டு பட்டியல் உண்டு. முதற்பட்டியலைப் பார்த்து எழுதினோம். அந்தப் பட்டியலை எழுதியவரும் நாமே!

கடைசி நாள் கழிந்து மூன்று வாரம் இருக்கும். இரண்டாம் வகுப்பு ஆசிரியை விடுப்பில் இருந்ததால் அந்தச் சின்னஞ்சிறுசுகளை எங்கள் வகுப்பில் அமர்த்தினர். நாம் எதையோ திருத்திக்கொண்டிருந்தோம். பின்வரிசையில் ஏதோ முணுமுணுப்பு. சந்தையில் மீன் விற்கும் அம்மாவுக்கு விடியுமுன் எழுந்து துணைபோய்விட்டு வந்து, முதற்பாடவேளையிலேயே கண்ணயரும் பெண் ஒருத்தி; நாம் 'மெல்லக் கற்போர்' பட்டியலில் எழுதிய பெண். அவளைச் சுற்றிச் சிறுவர் ஐந்தாறு பேர். 43இல் 17 போக மீதி என்ன என்பது கணக்கு.

"நாலு கூறு இருக்கு, கூறுக்குப் பத்து மீனு. உதிரி மூணு. அவங்க ஏழு கேக்குறாங்க. உதிரி பத்தாது இல்ல? ஒரு கூறைப் பிரிச்சு உதிரியோட போட்டுடு. இப்ப ஏழு எடு. எவ்ளோ நிக்குது?"

"ஆறு அக்கா."

"கூறு மூணுதான் இருக்கு, மறந்துடாத. அதுல ஒண்ணு போவுது."

கடன் வாங்கிக் கழித்தலை நாம் அதே வகுப்பில் ஒரு மாதம் நடத்தியிருக்கிறோம். பத்தைக் 'கடன்' வாங்குவதாகச் சொன்னோமேயன்றி, கூறு பிரிக்கப்படுகிறது என்று ஒரு நாளும் நமக்குச் சொல்லத் தோன்றவில்லை. அந்தச் சிறுவர் ஐவரும் அன்று கழித்தலைக் கற்றுக்கொண்டனர். எழும்பூரில் பெல் கண்டதை நாம் கண்டோம். ஆனால் நாள் கடந்து கண்டோம். அவள் ஐந்தாம் வகுப்பை முடித்துப் போய்விட்டாள். அந்த ஒரு முறையும் போயிற்று.

அவளுக்கு நவோதயா கிடைத்திருக்கும் என்று நாம் சொல்லவில்லை. மனத்திறன் வினாக்களில் வரும் வட்டமும் முக்கோணமும் அவளுக்குப் பழக்கமில்லாதவை. அதற்கென்று பயிற்சி நிலையத்துக்குப் பணங்கட்டிப் போகும் பிள்ளைகள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கின்றனர். காலையில் அவள் தூங்கியது சோம்பலால் அன்று என்பதையாவது நாம் விசாரித்திருக்கலாம். 1920இல் ஆயிரம்விளக்குப் பள்ளியில் தியாகராயர் பிள்ளைகளுக்குச் சோறிட வழிசெய்ததும், 1930இல் புதுவையில் பிரெஞ்சு ஆட்சி பள்ளியில் உணவு தொடங்கியதும், 1956 முதல் காமராசர் அதனைத் தமிழ்நாடெங்கும் கொண்டுசென்றதும் இந்த உண்மை தெரிந்துதான். பசிக்கிற பிள்ளையும் தூக்கம் கெட்ட பிள்ளையும் ஆசிரியரின் பட்டியலில் எப்போதும் இரண்டாவது பக்கத்தில்தான் இருப்பர்.

இந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பில் 34 பேர். வெள்ளிதோறும் கடைசி அரை மணி, இருவர் வீதம் இரண்டாம் வகுப்புக்குச் சென்று ஏதேனும் ஒன்று சொல்லித்தர வேண்டும். நாம் பின்னால் அமர்ந்து குறித்துக்கொள்கிறோம். சிலர் பாட்டுப் பாடிவிட்டுத் திரும்பி விடுகின்றனர். ஒருவன் பிரம்பு கேட்டான், கொடுக்கவில்லை. நவோதயாவுக்கு இம்முறை ஆறு பெயர் என்ற பேச்சே இல்லை. வயது விதிக்குள் வரும் அனைவருக்கும் விண்ணப்பம். "நம்ம பிள்ளைக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்று பெற்றோர் மூவர் கேட்டனர், இருவர் இசைந்தனர், ஒருவரை மறுபடி பார்க்க வேண்டும். விண்ணப்பத்தைக் கணினியில் ஏற்றப் பிள்ளையின் புகைப்படமும், பெற்றோர் கையொப்பமும், தலைமை ஆசிரியர் சான்றும் வேண்டும். பதினொருவரின் புகைப்படம் இன்னும் வரவில்லை. சனிக்கிழமை காலை சந்தை கலைந்தபின் அவர்களை இந்திரா காந்தி சிலை அருகே உள்ள படக்கடைக்கு அழைத்துச் செல்வதாக ஏற்பாடு.